அத்தா ஏறாத விமானம்

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் அத்தாவுக்கு அனுப்பின மெசேஜில் ஒரே டிக்தான் இருந்தது. பத்து மணிக்குப் பார்த்தேன், ஒன்று. சாயங்காலம் அசர் தொழுத பிறகும் ஒன்றுதான்.

இன்று ராத்திரி மஸ்கட்டில் விமானம் ஏற வேண்டியவர். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு நிக்காஹ். அவர் வேலை பார்க்கும் ஊரிலிருந்து ஏர்போர்ட்டுக்கே மூன்றரை மணி நேரம் காரில் வரணும். அங்கே பேய்மழை என்று டிவியில் ஓடுகிறது. இங்கே மாடியில் போட்ட துணி அரை மணியில் காய்ந்துவிட்டது.

அம்மாவிடம் டிக் பற்றிச் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

அத்தா பேசினாரு. மூன்று நிமிஷம்.

வழியில் காய்ந்து கிடந்த ஆறு ரோட்டுக்கு மேலே ஓடியிருக்கு. முன்னால் போன லாரி தண்ணியில் சாய்ந்துவிட்டதாம். போலீஸ் இவங்க காரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. விடிய விடிய ஒரு பெட்ரோல் பங்கில் உட்கார்ந்திருக்காரு. விமானம் போயிடுச்சு. அடுத்த டிக்கெட் வர்ற செவ்வாய்க்குத்தான் கிடைச்சுதாம். நிக்காஹ் முடிந்து இரண்டு நாள் கழித்து.

அம்மா “உசிரோட இருக்காரே, அல்ஹம்துலில்லாஹ்” என்றாங்க. அப்புறம் அடுப்பங்கரையில் உட்கார்ந்தவங்க எழுந்திருக்கவே இல்லை.

அக்கா எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கு.

பிப்ரவரி 14, புதன்

அய்மான் வீட்டிலிருந்து அவரோட அத்தாவும் அம்மாவும் வந்தாங்க. அய்மான்தான் மாப்பிள்ளை. சிங்கப்பூரில் வேலை, திங்கட்கிழமை திரும்பிப் போகணும். நான் டீ வைத்துவிட்டு, வழக்கம்போல கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“பாலைவனத்துல வெள்ளமா? ஒட்டகம்லாம் நீச்சல் கத்துக்கிச்சா?” அந்தம்மா சிரிச்சாங்க. எங்க வீட்டில் யாரும் சிரிக்கல.

நிக்காஹ்வில் பொண்ணோட அத்தாதான் வலீயாக இருந்து பொண்ணை ஒப்புக்கொடுக்கணும். அவர் இடத்தில் தன் தம்பி, எங்க மாமா, நிற்கட்டும் என்று அம்மா சொன்னாங்க. அய்மானோட அத்தா தலையை ஆட்டினாரு, இல்லை என்பதுபோல.

“பொண்ணோட அத்தாவுக்குக் கூடப் பொறந்த அண்ணன் முதலியார்பேட்டையில கடை வெச்சிருக்காரு. அவரை வுட்டுட்டு வேற ஆள் இன்னாத்துக்கு? அவரே வர மாட்டேன்றாருன்னா, இந்த வீட்ல என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?”

பெரியத்தா வந்தால் நிக்காஹ். இல்லையென்றால் பையனோட அடுத்த லீவில் பார்த்துக்கலாம் என்று எழுந்துவிட்டாரு. அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அப்படியென்றால் வேண்டாம் என்றுதானே?

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் மாமா போய்க் கேட்டாரு. போனில் அத்தா யாரைச் சொன்னாலும் செல்லுமாம். செல்லும், ஆனா அவங்க சம்மதிக்கணுமே.

பிப்ரவரி 15, வியாழன்

“நான் அண்ணனுக்குப் போன் போட மாட்டேன்.” அத்தா இதை மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாரு.

அத்தாவும் பெரியத்தாவும் பேசி மூன்று வருஷம் ஆகுது. காரணத்தை என் முன்னால் யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்குத் தெரியாதா? ஒன்பதாவது படிக்கும்போது நான்தான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு படுத்துக்கிட்டேன். வகுப்பில் எழுந்து நின்றால் பேச்சே வராது. அத்தா போனிலேயே, வேணாம்னா விட்டுடுங்கன்னுட்டாரு. “தூரத்துல உக்காந்துகினு புள்ளையைக் கெடுக்கிறான்”னு பெரியத்தா வாசலில் நின்று கத்தினாரு. என் புள்ளையைப் பத்தி நீ பேசாதேன்னு அத்தா சொன்னாரு. அதோட சரி.

டெய்லர் கடைக்கு என்று சொல்லிவிட்டு முதலியார்பேட்டைக்கு பஸ் ஏறினேன். பெரியத்தாவோடது மிக்ஸி ரிப்பேர் கடை. எதிரே மெடிக்கல் ஓரமாக முக்கால் மணி நேரம் நின்றேன். மெடிக்கல்காரர் மூன்று தடவை “இன்னா மாத்திரைம்மா?” என்று கேட்டாரு. தலைவலி மாத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பி வந்துட்டேன்.

சீ.

பிப்ரவரி 16, வெள்ளி

அக்கா கல்யாணப் புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்ததைப் பார்த்தேன். உடனே கிளம்பிட்டேன். நின்றால் நின்றுவிடுவேன்.

பெரியத்தா மிக்ஸியைக் கவிழ்த்து வைத்துத் திருகிக்கொண்டிருந்தாரு. நிமிர்ந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றினாரு.

“சலீமாவா? உங்கத்தா அனுப்பினானா?”

ஆமான்னு தலையாட்டினா போதும், முடிஞ்சுடும். ஆனா அப்புறம் தெரிஞ்சா?

“இல்ல. நானா வந்தேன்.”

தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னேன், “அக்காவை நீங்கதான் ஒப்புக்கொடுக்கணும் பெரியத்தா. இல்லைன்னா அவங்க வேணாம்னுடுவாங்க. உங்க சண்டை என்னாலதானே. அவ என்ன பண்ணினா?”

மிக்ஸியில் நான்கு திருகு. நான்கையும் நிதானமாக முடுக்கினாரு.

“அவன் கேக்கட்டும்.”

அத்தாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். “சொல்லும்மா”ன்னாரு அத்தா. போனைப் பெரியத்தா முன்னால் வைத்தேன்.

“சலீமா? யாரும்மா பக்கத்துல? சலீமா?” — அத்தா குரலே மாறிப் போச்சு.

பெரியத்தா போனையே பார்த்துக்கொண்டிருந்தாரு. அப்புறம் மெதுவாக, “லாரி சாஞ்சுச்சாமே. உனக்கு ஒண்ணும் ஆகலியே?”

லாரியைப் பத்தி நான் சொல்லவே இல்லை. யாரிடமோ விசாரிச்சிருக்காரு.

நான் வெளியே போய் நின்றேன். உள்ளே என்ன பேசினாங்கன்னு கேட்கல. கொஞ்ச நேரத்தில் போனைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, “ஜும்ஆ தொழுகைக்கு நேரமாச்சு, வீட்டுக்குப் போ” என்றாரு.

பிப்ரவரி 17, சனி

யாரும் எதுவும் சொல்லல. அத்தாவும் போன் எடுக்கல. பொழுது சாயுது, புடவை இன்னும் பெட்டிக்குள்ளேதான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஏழு மணிக்கே பெரியத்தா வந்துட்டாரு. வெள்ளைச் சட்டை. அம்மா முகத்தைப் பார்க்காமல் “தண்ணி குடு” என்றாரு. ராத்திரியே அய்மான் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டாராம். அக்கா அறைக்குள் ஓடிப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது பெரியத்தா தலையைத் தடவிப் பார்த்தாரு. தொப்பி கொண்டு வரலை.

பீரோவைத் திறந்து அத்தாவோட தொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.