தாரணி கூடலூர் இறங்கிய நாள்

தை 18, ஞாயிறு

பனி. புல் மேல் உப்புக் கொட்டின மாதிரி. பத்து மணிக்குத்தான் வெயில்.

மனசு சரியில்லாத அன்றைக்கு நம் பிள்ளைகள் சாதித்ததை வரிசையாக எழுதுவேன்.

மூத்த பேரன் கார்த்தி. ஐ.டி.ஐ. முடித்து கோயம்புத்தூரில் லேத்து வேலை.
சின்னவன் விமல். பிளஸ் டூவில் எங்கள் எஸ்டேட் டிவிஷனிலேயே முதல்.
பேத்தி தாரணி. பி.காம். எங்கள் தோட்டத்து லய வீடுகளிலிருந்து காலேஜ் போன முதல் பெண்பிள்ளை. கோயம்புத்தூரில் ஆஸ்டல், ஆபீஸ் வேலை. சொந்தச் சம்பளத்தில் கியர் சைக்கிள். மலைச் சைக்கிள் பந்தயத்தில் மூன்று கப்பு.

சிலோனில் ஐந்தாவதோடு நின்ற கை. இவர்கள் பேரை எழுதும்போது எழுத்து கோணாது. இன்றைக்குத் தாரணி பேரை இரண்டு தடவை அடித்து எழுதினேன்.

லீவில் வந்திருக்கிற அவள் நாளைக்கு இங்கிருந்து தனியாகச் சைக்கிளில் கன்னியாகுமரி போகிறாள். கூடலூர், வயநாடு, அப்புறம் கடலோரமாகவே. பன்னிரண்டு நாள். நாளைக்குத்தான் அவளுக்கும் கோத்தகிரிப் பையன் பிரபுவுக்கும் நிச்சயம் வைத்திருந்தது.

நின்றது என்னால். இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

அவர்களே விரும்பின சம்பந்தம். பையனுக்குப் பந்தயம் எல்லாம் தெரியும். அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியாது. "நாங்களே மெதுவா சொல்லிக்கிறோம், அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் போட்டோவைக் காட்டாத அப்பாயி" என்று தாரணி சொல்லித்தான் இருந்தாள். தலையாட்டினேன்.

தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் கொழுந்து எடுக்கிறது. எடுக்கிற நாளில் நிறுவை முடிய இருட்டிவிடும். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பொம்பளைகள் என்ன செய்வோம், பேச்சுத்தான். கார்த்திகையில் ஒரு நாள் மடியிலிருந்து போட்டோவை எடுத்துவிட்டேன். அரைக்கால் சட்டை, உடம்பெல்லாம் சேறு, கையில் கப்பு, பக்கத்தில் தோளில் கை போட்ட, கூடப் பந்தயம் ஓட்டின ஒரு பையன். கை கையாகப் போனது. புதிதாகத் தற்காலிகத்தில் சேர்ந்த ஒருத்தியிடம் நானே நீட்டி, "பாரும்மா, எம் பேத்தி" என்றேன்.

கோத்தகிரியில் எஸ்டேட்டை மூடிவிட்டதால் இங்கே பிழைக்க வந்தவள். பிரபுவின் சித்தி.

விஷயம் அவள் வழியாக அவன் அம்மாவுக்குப் போனது. இந்தப் பெண் வேண்டாம் என்ற அம்மா சொல்லுக்குப் பையன் அடங்கிவிட்டான்.

தை 19, திங்கள்

5.30க்குக் கிளம்பினாள். தேங்காய் ரொட்டி ஆறு சுட்டேன். இரண்டை எடுத்துக்கொண்டு, "வெயிட் ஏறும் அப்பாயி" என்று மிச்சத்தைத் திருப்பி வைத்தாள். திருநீறு பூசும்போது நெற்றியைக் காட்டினாள். கண்ணைக் காட்டவில்லை. சைக்கிளின் பின் சிவப்பு லைட்டு வளைவு திரும்பும் வரை நின்றேன்.

மருமகள் செல்வி விளக்குமாற்றை எடுத்தாள். "வை அதை. புள்ள போய்ச் சேரட்டும், அப்புறம் வீடு கூட்டலாம்." அவள் மூலையில் வைத்தாள்.

பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், கமலம்: "என்ன ராமாயிக்கா, இன்னைக்கு நிச்சயம்னீங்க. பொண்ணு சைக்கிள்ல போகுது?"
இன்னொருத்தி: "மாப்பிள்ளையை ஏத்திட்டு வரப் போகுதோ என்னமோ."
சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். இடுப்புச் சாக்குப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆறாம் நம்பர் மலைக்கு ஏறிவிட்டேன். சித்திக்காரி இரண்டு நிரை தள்ளி. அவளும் நிமிரவில்லை. அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கு. காட்டினது நான்.

பாதி கொழுந்து பனியில் கருகல். கங்காணி திட்டு.

ஒன்பதுக்கு ஊட்டி தாண்டியிருப்பாள். நடுவட்டம் இறக்கம் எப்போது? பஸ்ஸே அங்கே பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்கும்.

மாலை 5. கூடலூர் பக்கம் ஓவேலியிலிருந்து தங்கச்சி பாக்கியம் போன். ராத்திரி அங்கே தங்கச் சொல்லியிருந்தேன், போக மாட்டாள் என்று நினைத்தேன், போயிருக்கிறாள்.
"அக்கா, புள்ள வந்திருச்சு. நடுவட்டத்துக்குக் கீழ விழுந்து முட்டி சிராய்ஞ்சிருக்கு. மஞ்சள் வெச்சிருக்கேன்."
"சாப்பிட்டுச்சா?"
"குளிக்கப் போச்சு. குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவுது அக்கா. தண்ணி சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு."
"போனைக் குடு."
போய்க் கேட்டு வந்து, "நாளைக்குப் பேசறேங்குது."

செல்வி வீட்டைக் கூட்டினாள்.

தை 20, செவ்வாய்

மூட்டம். பனி இல்லை. இடுப்பு வலி.

ஆறரைக்குப் போன். அவளேதான்.

"அப்பாயி."
"சொல்லு தாயி."
"கெளம்பிட்டேன். இன்னைக்கு வயநாட்டுல பத்தேரி வரைக்கும்."
"முட்டி?"
"மடக்க முடியுது."
"தப்பு பண்ணிட்டேன் தாரணி."
பிரேக்கை அமுக்கி அமுக்கி விடுகிற சத்தம் கேட்டது.

காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் போனையும் நான் ஒரே மாதிரித்தான் முடிப்பேன். புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடு சாமி. அவளும் திட்டிக்கொண்டே போடுவாள். இன்றைக்கும் வாய் வரைக்கும் வந்தது. எச்சிலோடு முழுங்கினேன்.

"வேற ஒண்ணும் கேக்கலியா அப்பாயி?"
"இல்ல தாயி. ஓரமாப் போ."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் லாரி ஒன்று ஏறுகிற சத்தம். செல்வி கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது.