பாடப் பெட்டிக்கு எடுத்துவைத்த ஸ்லைடு

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

ஆபீஸ் பயிற்சிக்கு வெளியூர் போகிறேன் என்றாய், நானும் நம்பித் தொலைத்தேன். மூளையிலிருந்து எடுத்த கட்டியை எந்த லேபுக்கு அனுப்புவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஸ்லைடைப் பார்த்து முடிக்கும்வரை நான் பெயர்ச் சீட்டைப் பிரிக்க மாட்டேன், உனக்கே தெரியும். நேற்றும் எண்ணை மட்டும் பார்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செத்துப்போன இடத்தைச் சுற்றிச் செல்கள் வேலிபோல் வரிசைகட்டி நின்றன. பார்த்த பக்கமெல்லாம் செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன. மாணவிகளைக் கூப்பிட்டு, "வந்து பாருங்கம்மா, இவ்வளவு அழகா புஸ்தகத்துலகூட இருக்காது" என்றேன். பாடப் பெட்டிக்கு ஒன்றை எடுத்தும் வைத்தேன். அதன் பிறகுதான் சீட்டைப் பிரித்து உன் பெயரைப் படித்தேன்.

என் வாயால் அதை அழகு என்று சொல்ல வைத்துவிட்டாயே, பாவி.

ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து மேசை டாக்டர் போட்டார். அதன் கடைசி வரியை இங்கே எழுத மாட்டேன். "அக்கா பயந்துடுவா" என்று உன் மனைவியிடம் சொன்னாயாம். இருபது வருஷமாக இதையே பார்க்கிறவள் எதற்குப் பயப்பட வேண்டும்? பயந்துதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மொட்டைத் தலையை மறைக்கத் தொப்பி போட்டுக்கொண்டு கதவைத் திறக்காதே. அந்தத் தலைக்குள் இருப்பதையே பார்த்துவிட்டவளிடம் எதை மறைக்கப் போகிறாய்?

உன் அக்கா