ஒன்றுக்கு ஐந்து

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று டியூஷனில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பத்து சதவீத மருந்துக் கரைசல் நூறு மில்லி இருக்கிறது, அதை இரண்டு சதவீதமாக்க எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சார் கேட்டார். நான் ஐந்நூறு என்று எழுதினேன். நான் அரை நாள் வேலை செய்யும் தறிக்குடோனில் நூலுக்குக் கஞ்சி கலக்கும்போது ஒன்றுக்கு ஐந்து என்றால் ஒரு டின் கூழுக்கு ஐந்து டின் தண்ணீர். அந்தப் பழக்கத்தில் கை எழுதிவிட்டது.

"அம்மணி, இது பாவுக்குப் போடுற கஞ்சி இல்லீங்க, கொழந்தைக்குக் குடுக்கற மருந்து" என்றார் சார். போர்டில் நானூறு என்று போட்டார். "புரிஞ்சுதுங்களா?" என்றார். புரியாமலே தலையாட்டினேன்.

வீட்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "செரமமா இருந்தா உட்டுப்போடு கண்ணு. முழு நேரமும் தறிக்கே வரச்சொல்லி மொதலாளி கேக்கறாரு."

"நாளைக்குச் சொல்றேனுங்கப்பா."

பத்தாவதோடு நின்றவள் நான். பன்னிரண்டாவது தேறினால்தான் மருந்தாளுநர் படிப்பு, டி.பார்ம், சேர முடியும்; அதற்குத்தான் இந்த டியூஷன். அது அவருக்கும் தெரியும்.

சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் மோரைக் குண்டாவில் ஊற்றி, மொத்தம் ஐந்து டம்ளர் ஆகும்வரை தண்ணீர் சேர்த்தேன். நாலுதான் தேவைப்பட்டது. மோரும் அந்த ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று அழுகை வந்தது.

"மோரை ஏண்டி இப்படித் தண்ணியாக்கிப்போட்ட?" என்று அம்மா கத்தினாள்.

நாளைக்கு லாகரிதம். அதை டம்ளரில் ஊற்றிப் பார்க்க முடியாது. புரியாவிட்டால் அத்தனை பேர் முன்னால் கை தூக்கிக் கேட்க வேண்டும். முழு நேரம் தறிக்கு வரவில்லை என்று அப்பாவிடம் சொல்வது அதைவிடச் சுலபம். காலையில் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் எரிகிறது.