பழைய துப்பாக்கிகள்

செவ்வாய்க்கிழமை, தலவாக்கலை. விடாத மழை.

சுனில் லீவில் வந்திருக்கிறான். பட்டாளத்தில் வேலை செய்யும் சிங்களப் பையன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குக் கீழே உள்ள கிராமத்தில் பிறந்து, எங்கள் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் பழகியவன். சாயங்காலம் என் அம்மாவைப் பார்க்க வந்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, முகாமில் எல்லோருக்கும் புதுத் துப்பாக்கி கொடுக்கிறார்கள், பாரம் குறைவு என்று சந்தோஷமாகச் சொன்னான்.

"பழசையெல்லாம் என்னப்பா செய்வாங்க?" என்று அம்மா கேட்டார்.

"திருப்பி வாங்கிருவாங்க அம்மா. உருக்கப்போறதா பேசிக்கிறாங்க."

 அம்மா, "எங்க செல்வத்த சுட்டது எந்தத் துப்பாக்கின்னு அங்க யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?" என்றார்.

சுனிலுக்கு என் தம்பி செல்வத்தைத் தெரியாது. யுத்த காலத்தில், கொத்மலைப் பாதையில் இருந்த பட்டாளச் சோதனைச் சாவடியில் அவனைச் சுட்டபோது சுனில் பிறந்திருக்கவே இல்லை. யார் சுட்டது என்று இன்றுவரை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

சுனில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ குடிப்பா, ஆறிப்போகும்," என்று அம்மாதான் அவனைத் தேற்றினார்.

அவன் போன பிறகும் அம்மா வாசலிலேயே நின்றார். சாரல் அடிக்கிறது, உள்ளே வாங்க என்றேன்.

"சுட்டவன் யாருன்னுதான் சொல்லல. அந்தத் துப்பாக்கியாவது எங்கயோ இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அதையும் உருக்கிட்டா, என் புள்ளைய சுட்டதுக்கு இனி சாட்சின்னு என்னதான் மிச்சம்?"

கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். இதை எழுதும்போதும் அம்மா தூங்கவில்லை. போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும்.