பாதி வர்க்கம், மூன்றிலொன்று கனம்

சேசு மரி சூசை

விழுப்புரம்
5.2.2025

அன்பு வெனிலாவுக்கு,

பிரகாஷ் எழுதுவது. இங்கே அம்மா நலம். நான் நலம் என்று எழுதினால் பொய். நீ திண்டிவனத்துக்கு உன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. போனை எடுப்பதில்லை. மெர்லின் அக்காவிடம் கேட்டால், "மாடியிலதான் இருக்கா, சாப்பிடுறா, தூங்குறா, உங்க பேச்சை மட்டும் எடுக்க மாட்டேங்கறா" என்கிறார். அதனால் தபால் ஆபீஸில் நின்று இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். கவுன்டரில் இருந்தவர், "இன்னும் இதெல்லாம் எழுதுறீங்களா சார்?" என்றார். எழுத வைத்துவிட்டார்கள் என்றேன்.

திருவிழாவன்று நடந்தது அவ்வளவு பெரிய குற்றமா? மாதாமாதம் நம் கோவில் பங்கு மடலை என் ஜெராக்ஸ் கடையில் நான் அடித்துக் கொடுக்கிறேன். அதில் 'மூளைக்கு வேலை' பக்கம் ஐந்து வருடமாக வருகிறது. பக்கத்தின் கீழே யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தானே சாமியார் பொன்னாடை போர்த்துவார்? புதிரெல்லாம் நீ போட்டது என்பதை நான் எப்போதாவது மறுத்தேனா? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொன்னாடையை உன் தோளில்தான் போட்டேன். நீ அதை எடுத்து அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டுப் பஸ் ஏறினாய்.

"எதுக்குடா அவ கோச்சிக்கினு போனா?" என்று அம்மா கேட்கிறாள். கணக்கு என்றேன். "கணக்குக்குப் போயா!" என்று சிரிக்கிறாள். புருஷன் பெண்டாட்டிக்குள் என் பெயர் என்ன, உன் பெயர் என்ன? கோபத்தை விட்டுவிட்டு வா.

மார்ச் மடலுக்கு இருபதாம் தேதிக்குள் புதிர் வேண்டும். சின்னதாக இருந்தாலும் போதும். உனக்கு அது வெங்காயம் நறுக்கும் நேரத்து வேலை.

உன் அன்புள்ள,
லூர்து பிரகாஷ்

---

திண்டிவனம்
9.2.2025

மதிப்பிற்குரிய 'மூளைக்கு வேலை' பிரகாஷ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். பொய் இல்லை, நிஜமாகவே நலம்.

போனை ஏன் எடுப்பதில்லை என்றால், உங்களோடு பேசினால் முதல் நிமிடம் கோபம் வரும், இரண்டாம் நிமிடம் சிரிப்பு வரும், மூன்றாம் நிமிடம் மார்ச் மாதப் புதிரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். தாளில் என்றால் யோசித்து எழுதலாம்.

யாரும் கேட்கவில்லை என்கிறீர்கள். நான் பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மைக் உங்கள் கையில் இருந்தது. "எல்லாம் ஆண்டவர் கொடுத்த அறிவு" என்றீர்கள். ஆண்டவர் பெயர் வாயில் வந்தது, என் பெயர் வரவில்லை. ஐந்து வருடம், அறுபது புதிர். ஒன்றுகூட ஆண்டவர் போட்டது இல்லை.

நம் கல்யாணத்துக்கு முன் அதே கோவிலில் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தார்கள், நினைவிருக்கிறதா? இன்னார் மகனுக்கும் இன்னார் மகள் வெனிலாவுக்கும் திருமணம் என்று உபதேசியார் சவுரிராயன் ஐயா மூன்று ஞாயிறும் உரக்கச் சொன்னார். அந்தக் கோவிலில் என் பெயர் காதில் விழுந்தது அதோடு சரி. அப்புறம் நான் பிரகாஷ் வீட்டுக்காரி, இன்னாசியம்மாள் மருமகள்.

ஆகவே என் நிபந்தனை இது. அதே கோவிலில், பூசை முடிந்து அறிவிப்பு சொல்லும்போது, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். 'மூளைக்கு வேலை' பக்கத்தில் வந்த புதிர்கள் அனைத்தும் வெனிலா போட்டவை என்று. ஒரு ஞாயிறு குறைந்தாலும் செல்லாது. அதன் பிறகுதான் நான் திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சு.

புதிர் கேட்டீர்கள். தருகிறேன். மடலுக்கு இல்லை, உங்களுக்கு மட்டும். அறுபது புதிரைத் தட்டச்சு செய்தவர் ஒன்றையாவது போட்டுப் பார்க்கட்டும்.

ஓர் எண். அதில் பாதி ஒரு வர்க்கம். அதில் மூன்றிலொன்று ஒரு கனம். அந்த எண் எது?

வர்க்கம், கனம் இரண்டிலும் ஒவ்வொரு முறையும் குழம்புவீர்கள் என்பதால் எழுதிவைக்கிறேன். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வர்க்கம்: 4, 9, 16. மூன்று தடவை வைத்துப் பெருக்கினால் கனம்: 8, 27, 64. போனில் தேடக் கூடாது. விடை மட்டும் போதாது, எப்படி வந்தது என்றும் எழுத வேண்டும்.

நான் இங்கே சும்மா இல்லை. பச்சைமுத்து அண்ணன் டைல்ஸ் கடையில் சேர்ந்துவிட்டேன். அறையின் நீள அகலத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எத்தனை பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள், "வெனிலாம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
வெனிலா

---

விழுப்புரம்
28.2.2025

அன்பு வெனிக்கு,

போட்டேன். நீ நம்ப மாட்டாய், உட்கார்ந்து போட்டேன். பாதியாகவும் வேண்டும், மூன்றாகவும் பிரிய வேண்டும் என்றால் அந்த எண் ஆறின் வாய்ப்பாட்டில்தான் இருக்க வேண்டும். இந்த அளவுக்கு எனக்கும் மூளை உண்டு. ஆறில் தொடங்கி அறுநூறு வரை, நூறு வரி எழுதினேன். 72-ஐப் பார்த்தால் பாதி 36, வர்க்கம். மூன்றிலொன்று 24, கனம் இல்லை. 24-ஐப் பார்த்தால் மூன்றிலொன்று 8, கனம். பாதி 12, வர்க்கம் இல்லை. ஒன்று கிடைத்தால் இன்னொன்று நழுவுகிறது. நூறு வரியிலும் இதே கதை. கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்புறம்தான் உறைத்தது. அப்படி ஓர் எண் கிடையாது! இல்லாததைத் தேட விட்டு வேடிக்கை பார்க்கிறாய். நல்ல தந்திரம்.

மடலுக்கு வேறு புதிர் இல்லாததால் இதையே போட்டுவிட்டேன். 'இப்படி ஓர் எண் கிடையாது. உண்டு என்பவர்கள் நிரூபிக்கலாம்' என்று சவால்விட்டிருக்கிறேன். ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. கீழே என் பெயர் இருக்கும். கோபப்படாதே, பழக்கதோஷம், கை தானாக அடித்துவிட்டது.

ஓலை விஷயம் சாமியாரிடம் கேட்டேன். "ஓலை கல்யாணத்துக்குப்பா, கணக்குக்கு இல்ல" என்று சிரித்துவிட்டார். நான் என்ன செய்ய? சாம்பல் புதனுக்கு முன்னால் வந்துவிடு.

அன்புடன்,
பிரகாஷ்

---

அனுப்புநர்:
வெனிலா, பி.எஸ்ஸி. (கணிதம்),
திண்டிவனம்.

பெறுநர்:
'மூளைக்கு வேலை' பக்கப் பொறுப்பாளர்,
பங்கு மடல், விழுப்புரம்.

4.3.2025

ஐயா,

மார்ச் மடலில் தாங்கள் 'கிடையாது' என்று சவால்விட்ட எண் இருக்கிறது. அது 648.

எந்த எண்ணையும் வகுத்துக்கொண்டே போனால் கடைசியில் மேலும் வகுபடாத எண்கள் மிஞ்சும். வர்க்கத்தில் அவை ஜோடி ஜோடியாக இருக்கும். கனத்தில் மும்மூன்றாக இருக்கும். நமக்கு வேண்டிய எண்ணுக்குள் இரண்டுகளும் மூன்றுகளும் மட்டும் இருந்தால் போதும்.

முதலில் இரண்டுகள். பாதியாக்கினால் ஓர் இரண்டு போய்விடும், மீதி ஜோடி சேர வேண்டும். மூன்றால் வகுக்கும்போது இரண்டுகள் குறையாது, அவை மும்மூன்றாகச் சேர வேண்டும். இந்த இரு நிபந்தனைக்கும் முதலில் ஒத்துவருவது மூன்று இரண்டுகள். அடுத்து மூன்றுகள். பாதியாக்கினால் இவை குறையாது, ஜோடி சேர வேண்டும். மூன்றால் வகுத்தால் ஒன்று குறையும், மீதி மும்மூன்றாகச் சேர வேண்டும். ஒத்துவருவது நான்கு மூன்றுகள். மூன்று இரண்டுகளின் பெருக்கல் 8, நான்கு மூன்றுகளின் பெருக்கல் 81. எட்டும் எண்பத்தொன்றும் பெருக்கினால் 648. பாதி 324, அது 18-ன் வர்க்கம். மூன்றிலொன்று 216, அது 6-ன் கனம்.

ஆறின் வாய்ப்பாட்டில் 648 நூற்றெட்டாவது வரி. தாங்கள் நூறாவது வரியில் நிறுத்திவிட்டீர்கள். இன்னும் எட்டு வரி எழுதியிருந்தால் கையில் சிக்கியிருக்கும். கைக்கு எட்டவில்லை என்பதால் ஒன்று கிடையாது என்று ஆகிவிடாது.

இந்த விடையை என் பெயருடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வெனிலா

பின்குறிப்பு, பொறுப்பாளருக்கு அல்ல, என் புருஷனுக்கு: உங்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தேன். உங்களுக்கென்று தனியாகப் போட்ட ஒன்றையும் உங்கள் பெயரில் ஊருக்குக் கொடுத்துவிட்டீர்கள். திருவிழாவன்று நான் அழவில்லை. மடலைப் பிரித்துப் பார்த்த அன்று அழுதேன்.

---

விழுப்புரம்
12.3.2025

வெனி,

648-ஐப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். உனக்கென்று போட்டதை ஊருக்குக் கொடுத்து உன்னை அழவைத்துவிட்டேன். தப்புதான்.

வேறு யாரும் விடை அனுப்பவில்லை. ஏப்ரல் மடலில் உன் விடையை அப்படியே போடுகிறேன். ஆனால் ஒன்று சொன்னால் கேட்பாயா? 'திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி' என்று போடட்டுமா? உன் பெயர் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். "இத்தினி வருஷமா பொண்டாட்டி போட்டத வச்சிக்கினு இவன் ஷோ காட்டினானா" என்று பேசுவார்கள். கடைக்கு வருகிறவர்கள் முன்னால் நான் எப்படி நிமிர்ந்து நிற்பது? உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

பிரகாஷ்

---

திண்டிவனம்
15.3.2025

பிரகாஷ் அவர்களுக்கு,

எனக்கு 'ஒரு வாசகி' என்று யாரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை.

பயமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, உங்கள் கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான். ஆனால் உங்கள் பயத்துக்கு என் பெயரைப் பலி கொடுக்க மாட்டேன். நீங்கள் நிமிர்ந்து நிற்பதற்காக நான் ஐந்து வருடம் அடுப்படியில் குனிந்து நின்றது போதும். முதுகு வலிக்கிறது.

கடை வாசலில் ஒரு கரும்பலகை வாங்கி மாட்டியிருக்கிறேன். வாரம் ஒரு புதிர், கீழே பெரிய எழுத்தில் வெனிலா. போன வாரப் புதிருக்கு ஓமந்தூரிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த லாரி டிரைவர் விடை சொன்னார். தப்பான விடை. ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சொன்னார். ஆக, உங்கள் மடல் இல்லாமலும் எனக்குப் பொழுது போகும். ஓலை வாசிக்காமல் திண்டிவனம் பக்கம் வராதீர்கள். வந்தால் டைல்ஸ் வாங்க வந்தவராகத்தான் நடத்துவேன்.

வெனிலா

---

விழுப்புரம்
30.3.2025, ஞாயிறு

என் அன்பு வெனிலா,

வாசித்துவிட்டேன். இன்று காலை, இரண்டாம் பூசையில்.

சாமியாரிடம் மறுபடியும் போனேன். இந்த முறை கணக்கு என்று சொல்லவில்லை. அடுத்தவர் பொருளை ஐந்து வருடம் வைத்திருந்தேன், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தவக்காலத்துல இதவிட நல்ல காரியம் என்னா இருக்கு? சவுரிராயன் ஏன் வாசிக்கணும், நீயே வாசி" என்றார்.

'இந்தப் பக்கத்தில் வந்த அறுபத்தோரு புதிர்களும் என் மனைவி வெனிலா போட்டவை, ஒன்றுகூட என்னுடையது இல்லை' என்று வாசித்தேன். ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "அப்போ பொன்னாடைய கழட்டுப்பா!" என்று ஒரு குரல். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "சிரிக்கிறவங்க அந்த எண்ணு என்னான்னு சொல்லிட்டு சிரிங்க" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "அந்த எண்ணு என்னாடா?" என்று கேட்டாள்.

இன்னொன்று. நீ எழுதிய முறையை ஒரு நோட்டில் நாலு நாள் எழுதி எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் ஏறவில்லை. மூன்றாம் நாள் ஏறியது. மூன்று இரண்டுகள் ஒத்துவந்தால் ஒன்பது இரண்டுகளும் ஒத்துவர வேண்டும் அல்லவா? போட்டேன். 41,472. பாதி 20,736, அது 144-ன் வர்க்கம். மூன்றிலொன்று 13,824, அது 24-ன் கனம். நோட்டுப் பக்கத்தை அப்படியே கிழித்து வைத்திருக்கிறேன், அடித்தல் திருத்தலோடு. ஒரே ஓர் எண்ணுக்கு என் உயிர் போய்விட்டது. நீ அறுபத்தொன்று போட்டிருக்கிறாய். அதைப் பார்த்து 'வெங்காயம் நறுக்கும் நேரம்' என்று எழுதியவனை என்ன செய்யலாம் என்று நீயே சொல்.

ஏப்ரல் மடலில் விடையோடு உன் பெயர் வருகிறது. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு ஞாயிறே மூன்று ஞாயிறுக்குச் சமம். ஈஸ்டருக்கு வந்துவிடு. நானே வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்.

உன்,
பிரகாஷ்

---

திண்டிவனம்
3.4.2025

அன்புள்ள பிரகாஷுக்கு,

41,472 சரி. இரண்டு தடவை சரிபார்த்தேன். அடித்தல் திருத்தல்களையும் பார்த்தேன். மூன்றாவது வரியில் 144-ஐப் பெருக்கும்போது தப்பு செய்து, நீங்களே கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. பச்சைமுத்து அண்ணனிடம்கூடக் காட்டினேன். "யாரு போட்டது?" என்றார். லூர்து பிரகாஷ் என்றேன். யார் போட்டார்களோ அவர்கள் பெயரைச் சொல்வதுதான் என் வழக்கம்.

அத்தை எழுந்து பேசினாள் என்பதைப் படித்துவிட்டு மெர்லின் அக்காவும் நானும் நெடுநேரம் சிரித்தோம். அந்த எண்ணை அத்தைக்கு நீங்களே உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று மூன்றுக்குச் சமம் என்று எந்தக் கணக்கில் படித்தீர்கள்? நூறாவது வரியில் நிறுத்திய ஆள் இப்போது ஒன்றில் நிறுத்தப் பார்க்கிறீர்கள். முதல் ஓலையோடு யாரும் தாலி கட்டுவதில்லை. வரும் ஆறாம் தேதி ஒரு தடவை வாசியுங்கள். பதின்மூன்றாம் தேதி குருத்து ஞாயிறு, வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள்கூட அன்றைக்கு வருவார்கள். அன்று மூன்றாவது.

ஓலையை ஏன் மூன்று ஞாயிறு வாசிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் வந்து சொல்வதற்குத்தான். நம் கல்யாண ஓலையின்போது என்னை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இந்த முறை எனக்கு அந்த அவகாசம் முழுசாக வேண்டும்.

குருத்து ஞாயிறன்று நான் வருவேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் என் பெயரைச் சொல்லி முடித்ததும், உங்களோடு வாழ ஆட்சேபனை இருந்தால் அங்கேயே எழுந்து சொல்வேன். இல்லையென்றால் உட்கார்ந்தே இருப்பேன். எது என்று இப்போது கேட்காதீர்கள், எனக்கே இன்னும் தெரியாது.

அழைத்துப் போக வர வேண்டாம். வந்தாலும் நானே வருவேன், திரும்பிப் போனாலும் நானே போவேன்.

வெனிலா