பிளாஸ்டிக் குழாயில் கட்டிய பச்சை வயர்

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றைக்கும் அடித்தது. மாவுப் பாத்திரத்தை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன், ஈரக்கை. முழங்கை வரை சுரீரென்று இழுத்துவிட்டது. பாத்திரம் கீழே, மாவு தரையெல்லாம். மாமியார் மாவைத்தான் பார்த்தார். மாமனார் கூடத்தில் உட்கார்ந்தபடியே, "ஒன் ஒடம்பு வாகு அப்படி, திலகா. சில பேருக்குக் கரண்ட் புடிக்கும்" என்றார்.

பிடிக்குமாமே! கரண்ட் என்ன ஜலதோஷமா?

ஏப்ரல் 8, செவ்வாய்

மாமா புதுக் காரணம் கண்டுபிடித்திருக்கிறார். என் மெட்டியாம். "வெள்ளி கரண்டை இழுக்கும்ல."

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த எனக்குப் பாடம் எடுக்கிறார். உலோகங்களில் வெள்ளிதான் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அடுத்தது செம்பு, அலுமினியமும் இரும்பும் அதற்குப் பின்னால் — எல்லாம் சரி. ஆனால் கடத்துவது வேறு, இழுப்பது வேறு. ஃபிரிட்ஜின் தகட்டில் கரண்ட் ஏறி நிற்காவிட்டால், பத்து விரலிலும் மெட்டி போட்டாலும் எனக்கு ஒன்றும் ஆகாது.

"அப்ப கழட்டிரவா மாமா?" என்றேன். அத்தைக்கு முகம் செத்துவிட்டது. "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில என்ன பேச்சுடி இது?" சரி, செருப்பாவது போட்டுக்கொள்கிறேன் என்றேன். சாமி மாடம் அடுப்படியில் இருக்கிறது, செருப்பு கூடாதாம். கடைசியில் ஃபிரிட்ஜ் முன்னால் ஒரு பலகையைப் போட்டார்கள். மரத்தில் கரண்ட் போகாது, அதன்மேல் நின்றுகொள்ள வேண்டுமாம். இவ்வளவு தெரிகிறவர்களுக்குக் கோளாறு ஃபிரிட்ஜில்தான், என்னிடம் இல்லை என்று மட்டும் ஏன் தெரியவில்லை?

ஏப்ரல் 9, புதன்

பலகை நனைந்திருந்தது. ஈர மரம் கடத்தும். அடித்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

துபாய்க்குப் போன் போட்டு இவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட பக்குவமாச் சொல்லு. நாளைக்கு வருஷப் பிறப்பு, சண்டை வேணாம்" என்றார். பக்குவமாகச் சாகவா? கேட்டேவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடையில் டெஸ்டர் வாங்கி வந்து ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எர்த் போட்ட வீடு இது. எலுப்பூருல மொத மொத எர்த் போட்டது நான்தான்" என்று பழைய பெருமையை ஆரம்பித்தார்.

அந்த எர்த் எங்கேதான் போகிறது, பார்த்துவிடுவோம் என்று பச்சை வயரைத் தொடர்ந்து கொல்லைப்பக்கம் போனேன். முன்பு அதைப் போர்வெல் தண்ணீர் வரும் இரும்புக் குழாயில் கட்டியிருந்தார்களாம். குழாய் மண்ணுக்குள் போகும், கசிகிற கரண்டும் அது வழியே மண்ணில் இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் அது துருப்பிடித்ததென்று மாமா புதுக் குழாய் போட்டார். வயரை அவிழ்த்து, பத்திரமாக, அதே இடத்தில் புதுக் குழாயில் கட்டியிருக்கிறார். பிளாஸ்டிக் குழாயில்! சுற்றிச் சுற்றி முடிச்சு வேறு!

செம்பு வயர் வீடு முழுக்க ஓடி வந்து என்ன பிரயோஜனம்? வெளியே போக வழியில்லாமல் நிற்கிற கரண்ட் என் ஒடம்பு வழியாத்தான் போவுது.

"பிளாஸ்டிக்ல கரண்ட் போகாது மாமா."

"கட்டுனது கட்டுனபடி இருக்கட்டும். எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசாத."

நான் செத்தாத்தான் நம்புவாங்களா? ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் மாமா சொல்லி அத்தை திரும்ப மாட்டிவிட்டார்.

ஏப்ரல் 25, வெள்ளி

அத்தை குடுமியான்மலைக் கோயிலுக்குப் போயிருந்தார், நான் ஆபீஸில். அடுப்படிக்குள் எட்டிப் பார்க்காத மாமா, வயலிலிருந்து வந்து கைகால் கழுவிய ஈரத்தோடு ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறார்.

நான் திரும்பியபோது எலக்ட்ரீஷியன் செல்லமுத்து கொல்லையில் எர்த்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். செம்புக் கம்பி, கரி, உப்பு எல்லாம் தயார். மாமா நாற்காலியில், வலது கையை இடது கையால் பிடித்தபடி. "சாதாரண அடியா அது? உசுரே போயிருக்கும். இதையெல்லாம் நாளைக்குன்னு தள்ளக் கூடாதப்பா" என்கிறார்!

என் கை என்ன, மரக்கையா? எனக்கு அடித்தால் உடம்பு வாகு, மெட்டி, பலகை. அவருக்கு ஒரு தடவை அடித்தால் அன்றைக்கே குழி. "இது ஒங்க ஒடம்பு வாகா இருக்கும் மாமா" என்று சொல்லியேவிட்டேன். செல்லமுத்து சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஈரக்கையால் ஃபிரிட்ஜைத் தொட்டேன். ஒன்றுமில்லை. உள்ளே தேய்ந்திருந்த வயரையும் செல்லமுத்து மாற்றிவிட்டார்.

அத்தையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார். அப்போதுதான் உறைத்தது — அவர் எப்போதுமே அப்படித்தான் திறப்பார்.

"ஒங்களுக்கும் அடிச்சுச்சா அத்தை?"

"கொழா மாத்துனதுலேருந்து."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். ஒங்கிட்டச் சொன்னதத்தான் எங்கிட்டயும் சொன்னாக."

அத்தை முந்தானையை விலக்கி, ஒற்றை விரலால் கதவைத் தொட்டார். சட்டென்று எடுத்தார். பிறகு முழு உள்ளங்கையையும் வைத்து அப்படியே நின்றார்.

கூடத்திலிருந்து மாமா தண்ணீர் கேட்டார்.

"ஃபிரிட்ஜுல இருக்கு, வந்து எடுத்துக்கங்க" என்றார் அத்தை. "இப்ப அடிக்காது."