ஆறாவது தகடு

திண்டுக்கல்,
14.2.2006

அன்பு மகள் ரீனாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே நாங்கள் சுகம், நீ அங்கே பெர்லின் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்க வேண்டும் என்று அம்மா ஜெபமாலையோடு சேர்த்துச் சொல்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என் மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. மூன்று வாரமாக நீ போன் செய்யவில்லை, நாங்கள் செய்தாலும் எடுக்கவில்லை, எல்லாம் என் வாயால் வந்தது என்று சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறாள். நேற்று கோயிலில் உன் சிநேகிதி சகாயசெல்வி, நீ மேடை வேலையை விட்டுவிட்டு மறுபடி கம்ப்யூட்டர் கம்பெனிக்கே போகப் போகிறாயாம் என்று சொன்னாள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனில் மறுபடியும் உளறிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. உன் நிகழ்ச்சி டிவிடி வந்த அன்று மைக் செட் சேக் பரீது சித்தப்பா குடும்பத்தோடு வந்துவிட்டார், அம்மா பணியாரம் சுட்டாள், என் மகள் மேடையில் நின்றபடியே கம்ப்யூட்டரில் இசையும் படமும் உண்டாக்குகிறாள் என்று நானே எல்லோருக்கும் விளக்கம் கொடுத்தேன். போட்டால், நீ இருட்டில் குனிந்து நிற்கிறாய், பின்னால் திரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வெட்டுகிறது, சத்தம் டக் டக் என்று போய் ஓரிடத்தில் விட்டுப்போகிறது, சுற்றிச் சுற்றி அதே இடத்தில் விடுகிறது. தட்டில் கீறல் விழுந்துவிட்டது என்று முடிவு கட்டி டூத்பேஸ்ட் போட்டுத் துடைத்தேன், தேங்காய் எண்ணெயும் போட்டேன். சித்தப்பாவும் தன் கடை பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு, இது ஆகாதுண்ணே என்று கையை விரித்தார். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் நீ போன் செய்து எப்படிப்பா இருந்துச்சு என்று கேட்டாய். சத்தம் பூரா விட்டு விட்டு வருது, படம் வெட்டுது, அஞ்சு நிமிசத்துக்கு மேல ஒருத்தரும் உக்காரல என்று சொல்லித் தொலைத்தேன். நீ உடனே போனை வைத்துவிட்டாய்.

போன ஞாயிறு சின்னாளப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு நம் சீரியல் பல்பு செட்டைக் கட்டினேன். பல்பு வைத்த மயில் போர்டை ஏற்றி மோட்டாரைப் போட்டேன். பேண்டுக்காரர்கள் இன்னும் வரவில்லை, பல்புகளை வரிசை வரிசையாக எரிய வைக்கும் அந்த உருளை சுற்றும் சத்தம் மட்டும்தான். உருளை மேல் உள்ள ஆறாவது செம்புத் தகடு தேய்ந்துபோனதால் அங்கே மட்டும் சத்தம் விட்டுப்போகிறது, மயிலின் கழுத்து எரியாமல் தாண்டுகிறது. டக் டக், ஒரு வெற்றிடம், மறுபடி டக் டக். ஏணியிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஷெட்டில் நீ ஒரு சின்ன ரெக்கார்டரை உருளைப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தாய், பொழுது போகாமல் ஏதோ நோண்டுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து நாற்பது நிமிடமும் பார்த்தேன். அந்தப் புள்ளியெல்லாம் நம் மயில். கடைசியில் அதன் கழுத்து மட்டும் திரை முழுக்க எரிகிறது, அங்கே உள்ளவர்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். அழுதுவிட்டேன், அதை அம்மாவும் பார்த்துவிட்டாள். முப்பது வருஷமாகத் திருவிழாவுக்கு விளக்குப் போடுகிறவன், என் உருளைச் சத்தம் எனக்கே தெரியவில்லை. தப்பு என்னுடையது, என்னை மன்னித்துவிடு. கம்பெனி வேலை உனக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போ, நான் சொன்னதை வைத்துப் போகாதே.

வேளைக்குச் சாப்பிடு, காப்பியிலேயே நாளை ஓட்டாதே. மாதா உன் கூடவே இருப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து போன் பக்கத்திலேயே இருப்போம், மறக்காமல் கூப்பிடு. சித்தப்பா புதுத் தகடு வாங்கி வந்து, மாத்திருவோம்ணே என்று நிற்கிறார். நான் விடவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு உனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருக்கும்.

உன் அப்பா,
ராயப்பராஜ்